சின்னதாக்கி வைத்த நெருப்பு

வசந்தகுமாரியோடு பஸ்ஸில் போனால் ஒரு தொல்லை உண்டு. உட்கார்ந்ததும் சீட்டை ஒரு தட்டுத் தட்டுவாள். "இது நான் எரிச்சது லா," என்பாள். பக்கத்தில் இருப்பவருக்குத் தமிழ் புரியாதவரை தப்பித்தோம். ஒருமுறை சிராங்கூன் ரோட்டில் ஒரு கல்யாணம். தாலி கட்டுகிற நேரம் பார்த்து மேடைத் திரையைக் காட்டி, "இதையும் நான்தான் எரிச்சேன்," என்று சத்தமாகச் சொல்லித் தொலைத்தாள். பெண் வீட்டுக்காரர்கள் முறைத்த முறைப்பில் பந்திக்குக்கூட நிற்காமல் வந்துவிட்டோம் என்று அவள் மகள் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

வேறொன்றுமில்லை, அவள் வேலை அது. ஈசூனில், கார் பழுது பார்க்கிற கடைகளும் கேக் சுடுகிற கம்பெனிகளும் அடைந்து கிடக்கிற தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் நாலாம் மாடியில் ஒரு லேப் இருக்கிறது. பொருள்களை எரித்துப் பார்க்கிற லேப். சீட்டுக்குள் வைக்கிற நுரை, திரைத் துணி, தடுப்புப் பலகை, எது வந்தாலும் ஒரு துண்டு வெட்டி இரும்புச் சட்டத்தில் மாட்டுவார்கள். எண்ணெய் பர்னரின் நெருப்பை அதன் முகத்துக்கு நேரே காட்டுவார்கள். நாலு நிமிஷம் ஓட்டை விழாமல் தாங்கினால் பாஸ். விழுந்தால் போச்சு. பாஸான சரக்கின் முதுகில் லேபின் எண் போட்ட ஒட்டுச்சீட்டு ஏறும். அந்தச் சீட்டு இல்லாத இடம் ஊரில் குறைவு.

டெக்கா பக்கம் பிறந்து வளர்ந்தவள். பள்ளி முடித்ததும் ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலையில் வேலை. அந்தக் கம்பெனி ஒருநாள் மூட்டை கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போனதும் இங்கே வந்து சேர்ந்தாள். புருஷன் கோவிந்தராசு பஸ் ஓட்டினார். ஒரே பெண் மோகனப்பிரியா. வசந்தகுமாரிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பாள். சூடு, புகை, நாற்றம் எதற்கும் அசைய மாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. எரிகிற பர்னரைத் தன் கையால் அணைப்பது.

கேட்கிறவர்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் கட்டடத்தில் தீயணைப்புப் பயிற்சி. மணி அடித்ததும் எரிந்துகொண்டிருந்த பர்னரைப் பட்டென்று அணைத்தாள். எண்ணெய் பர்னர் அணையும்போது அதன் வாயிலிருந்து வெள்ளையாக ஒரு மூச்சு வரும், ஹ்ஹா என்று. அந்த மூச்சு கலைவதற்குள் அவள் போன் அடித்தது. கோவிந்தராசு டிப்போவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார் என்று சொன்னார்கள். அவள் போய்ச் சேர்வதற்குள் ஆள் இல்லை.

அதற்கப்புறம் ரெண்டு வருஷம் ஒன்றும் இல்லை. அணைப்பதும் ஏற்றுவதும் எல்லாரையும் போலத்தான் செய்தாள். பிறகு ஒருநாள் எண்ணெய்க் குழாயில் கசிவு என்று யாரோ கத்த, எட்டி அடித்து அணைத்தாள். அதே வெள்ளை மூச்சு. அதே மாதிரி போன். அவள் தம்பி சுந்தரம் டோபி காட் ரயில் நிலையத்து எஸ்கலேட்டரில் மேலே போய்க்கொண்டிருந்தவன், உச்சிக்கு வரும்போது உயிரோடு இல்லை. முப்பத்தொன்பது வயசு. ஒரு நோய் நொடி கிடையாது.

யதேச்சை என்று நீங்களும் நானும் சொல்லிவிடலாம். அவளும் பகலில் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்த வெள்ளை மூச்சைப் பார்த்த கண் அவளுடையது. இன்னொரு தரம் பார்த்தால் மிச்சம் இருப்பது பிரியா மட்டும்தான். அன்றையிலிருந்து அவள் பர்னரை அணைத்ததே இல்லை.

அப்படியானால் வேலை எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். பெண்ணுக்கு வழியா தெரியாது? தினமும் காலையில் பர்னரில் எண்ணெய் பீய்ச்சுகிற நாசிலைத் தேய்த்துக் கண்ணாடியாக வைப்பாள். ஏற்றி, நெருப்புக்கு முன்னால் வெப்பம் அளக்கிற கருவியை நிறுத்தி, எண் எந்த எல்லைக்குள் விழவேண்டுமோ அதற்குள் விழுகிறதா என்று பார்ப்பாள். அதற்குப் பெயர் காலிப்ரேஷன். அதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதற்கப்புறம் பர்னரை அணைத்து, துண்டை மாட்டி, மறுபடி ஏற்றி, சூடான பிறகு சோதிக்கவேண்டும் என்பது விதி. இவள் அணைக்க மாட்டாள். அடுப்பைச் சிம்மில் வைக்கிற மாதிரி சின்னதாக்கி வைத்துவிட்டு, துண்டை மாட்டிவிட்டு வந்து, பெரிதாக்குவாள். சாயங்காலம் எண்ணெய் டாங்கியின் வால்வை மூடிவிட்டுத் திரும்பி நின்றுகொள்வாள். குழாயில் மிச்சம் இருக்கிற எண்ணெய் தீர்ந்து நெருப்பு தானாக மலையேறும். கோயில் விளக்கை மட்டும் என்ன ஊதியா அணைக்கிறோம் என்பாள் அவள்.

ஒன்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. அந்தச் சின்ன நெருப்பு அவள் நிற்கிற பக்கம் சாயும். இடது பக்கம் நின்றால் இடது. வலது பக்கம் போனால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அதுவும் வலது பக்கம் வரும். "அது எக்ஸாஸ்ட் காத்து வசந்தா," என்றார் லேப் மேனேஜர் ரத்னவேல். அவர் போய் நின்று பார்த்தார், சாயவில்லை. அப்புறம் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

போன வருஷம் ஒரு புது ஏற்பாடு வந்தது. எல்லா லேபுகளின் பர்னரும் ஒரே மாதிரி எரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஒரே ரோலிலிருந்து வெட்டிய தடுப்பு நுரையைத் துவாஸுக்கும் ஜொகூருக்கும் பினாங்குக்கும் ஈசூனுக்கும் அனுப்பினார்கள். எல்லாரும் ஒரே எண்ணுக்குக் காலிப்ரேஷன் செய்து எரித்துப் பார்க்க வேண்டும். செய்தார்கள். மற்ற இடங்களில் எல்லாம் ரெண்டு நிமிஷம் ஆவதற்குள் நுரையில் ஓட்டை. ஈசூனில் மட்டும் நாலு நிமிஷமும் அசையாமல் நின்றது.

ரத்னவேல் கெட்டவர் இல்லை. ஆனால் காலிப்ரேஷன் தாள் சரியாக இருந்தால் உலகமே சரியாக இருக்கிறது என்று நம்புகிற ஜாதி. "நம்ம எண் பெர்ஃபெக்டா இருக்கு. அவங்க நெருப்புதான் ஜாஸ்தி. பேசிப்போம், நீ ஒண்ணும் ஒர்ரி பண்ணாத," என்றார். வசந்தகுமாரி தலையை ஆட்டினாள். ஆனால் தாளில் இருந்த நுரையின் பெயரை மறுபடி ஒருமுறை பார்த்தாள். ஏனென்றால் அந்த நுரை அவளுக்குத் தெரிந்த நுரை.

பிரியா ஈசூனிலேயே ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கிற குழந்தைகள் காப்பகத்தில் டீச்சர். பிள்ளைகள் மத்தியானம் தூங்குகிற இடத்தை மறைக்கப் புதுசாகத் தடுப்பு வாங்கவேண்டும் என்று பேச்சு வந்தபோது, எதை வாங்கலாம் என்று அம்மாவைத்தான் கேட்டாள். "இத வாங்கு. என் நெருப்பையே தாங்குனது," என்று பெயர் சொல்லி எடுத்துக்கொடுத்தவள் வசந்தகுமாரி. மடக்கு மடக்காகப் பச்சைத் தடுப்பு, ஆள் உயரத்துக்கு, மூன்று பக்கமும், உள்ளே அதே நுரை. அவள் நெருப்பு உண்மையாக இருந்தால் அது சுவர். அவள் நெருப்பு பொய்யாக இருந்தால் பிள்ளைகளையும் பிரியாவையும் சுற்றி விறகு அடுக்கிய மாதிரி. எது என்று தெரியவேண்டும். அவளுக்கு வேறு எதுவும் அப்போது ஓடவில்லை.

மறுநாள் மத்தியானம் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் காப்பகத்துக்குப் போனாள். பிள்ளைகள் எல்லாம் மெத்தையில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஏர்கான் குளிரில் எல்லாருக்கும் கழுத்துவரை போர்வை. பிரியா ஓரத்தில் உட்கார்ந்து ஏதோ வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். வசந்தகுமாரி தடுப்பின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். அவள் லேபின் எண் இருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். அந்தக் குளிரில் அது வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுத்துப் பார்த்து, மறுபடி வைத்தாள். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி. தடுப்பின் ஓரம் படுத்திருந்த ஒரு சின்னப் பெண் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தது. அழவில்லை, சிரிக்கவில்லை. வசந்தகுமாரி பிரியாவிடம் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டாள். என்ன சொல்வாள்? அவளுக்கே தெரியாதே.

அடுத்த வாரம் துவாஸ் லேபிலிருந்து அப்துல் ஹமீது வந்தான். நாற்பது வயசுக்காரன், சிரித்த முகம். அவள் அவனைத் தம்பி என்பாள், அவன் அவளை அக்கா என்பான். வேனில் தன் பர்னரையே ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். கோளாறு பர்னரிலா, அறையிலா என்று பார்த்துவிட்டால் தீர்ந்தது என்றான்.

அவன் பர்னரை அவள் அறையில் வைத்து ஏற்றினார்கள். ரெண்டு பேரும் சேர்ந்து காலிப்ரேஷன் பார்த்தார்கள். எண் கச்சிதம். ஹமீது காதடைப்பானை மாட்டிக்கொண்டு சட்டத்துக்குப் பின்னால் போய் நுரைத் துண்டை மாட்டினான். திரும்பி வரும்போது பர்னர் முழுசாக எரிந்துகொண்டிருந்தது. முகத்துக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ரெண்டு நிமிஷம் போனது. மூன்று போனது. நாலும் போனது. நுரை கறுத்து நின்றது, ஓட்டை விழவில்லை.

ஹமீது காதடைப்பானைக் கழற்றினான். சிரிப்பைக் காணோம். "என் பர்னர் அக்கா இது. நேத்து துவாஸ்ல இதே ரோலு துண்ட ரெண்டு நிமிஷத்துக்குள்ள தின்னுச்சு. இங்க வந்து பூனை மாதிரி நக்கிட்டு நிக்குது," என்றான். சுற்றும் முற்றும் பார்த்தான். "இந்த ரூம்ல என்ன இருக்கு?"

அவள் பர்னரின் பக்கம் திரும்பினாள். பர்னரைச் சின்னதாக்கி வைத்திருந்தாள். நெருப்பு அவள் பக்கம் சாய்ந்து நின்றது. ஹமீது அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வாய்க்குள் பிஸ்மில்லா என்று சொல்லிக்கொண்டு வெளியே போய் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

அதற்குள் அவள் டாங்கியின் வால்வை மூடித் திரும்பி நின்றுகொண்டிருந்தாள், நெருப்பு தானாக மலையேறியிருந்தது. வந்தவன் நேராகப் பர்னரின் வாய்க்குள் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். "நாசில் பூரா கரி. காலையில நானே தேச்சு வெச்சேனே. எப்படி இவ்வளவு?" என்றான். பிறகு நிமிர்ந்தான். "அக்கா, நான் துண்ட மாட்டப் போனப்ப நீங்க அணைச்சுட்டுத்தானே திரும்ப ஏத்துனீங்க?"

"சின்னதாக்கி வெச்சேன்," என்றாள்.

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

ஹமீது அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். மெதுவாகச் சொன்னான். சின்னதாக்கினால் எண்ணெய் பொடிப்பொடியாகச் சிதறாது, சொட்டும். சொட்டுகிற எண்ணெய் நாசில் வாயிலேயே வெந்து கரியாக ஒட்டும். அப்புறம் பெரிதாக்கினால் பார்க்கப் பெரிதாகத்தான் இருக்கும், சூடு இருக்காது. காலையில் தேய்த்துவிட்டு அளந்தால் எண் சரியாகத்தான் வரும். "நீங்க அளக்குறது காலையில இருக்கிற நெருப்ப அக்கா. எரிக்கிறது வேற நெருப்பு. இப்படி இருக்கலாம்னு நெனைக்கிறேன். இன்னொரு தடவ பண்ணிப் பார்த்தாத் தெரிஞ்சுடும். தேச்சு, அளந்து, அணைச்சுட்டு."

அணைச்சுட்டு. முக்காலியில் உட்கார்ந்து, கோவிந்தராசுவையும் சுந்தரத்தையும் பற்றி எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். யாரிடமும் சொல்லாததை அன்றைக்குத்தான் சொன்னாள். ஹமீது குறுக்கே பேசாமல் கேட்டான். சிரிக்கவில்லை. அந்தச் சாய்ந்த நெருப்பைப் பார்த்தவன் எப்படிச் சிரிப்பான்?

"சரி, நான் அணைக்கிறேன். உங்களுக்கு வேணாம்," என்றான்.

அவள் ஒரு கணம் சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைக்குப் பின்னால் மூன்று பிள்ளைகளின் போட்டோ. யார் கை அணைத்தால் யார் வீட்டுக்குப் போகும் என்று யார் கண்டது? தன் வீட்டுப் பயத்தை இன்னொருத்தன் வீட்டு வாசலில் இறக்கிவைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அந்தப் பக்கம் யோசித்தால், அணைக்காமல் போனால் பச்சைத் தடுப்பு நிஜமா பொய்யா என்று தெரியவே போவதில்லை. பிரியா தினமும் மத்தியானம் அதற்குள் உட்கார்ந்திருப்பாள். அணைத்தாலும் பிரியா, அணைக்காவிட்டாலும் பிரியா. கடவுளே, இது என்ன கணக்கு என்று அவளுக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில்தான் எழுந்தாள்.

நாசிலைக் கழற்றித் தேய்த்தார்கள். ஏற்றினார்கள். அளந்தார்கள். எண் மறுபடியும் கச்சிதம். ஹமீது துண்டோடு சட்டத்துக்குப் பின்னால் போனான். அவள் வால்வில் கை வைத்தாள். நெருப்பு முழுசாக நேராக எரிந்துகொண்டிருந்தது. பிறகு, காற்று ஒன்றும் இல்லாமலே, கொஞ்சம் அவள் பக்கம் திரும்பியது. "போ," என்று சொல்லிவிட்டு ஒரே திருகாகத் திருகினாள்.

அறை இருட்டவில்லை, விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. ஆனாலும் இருட்டின மாதிரி இருந்தது. பர்னரின் வாயிலிருந்து வெள்ளை மூச்சு வந்தது. ஹ்ஹா. அது கலையாமல் கொஞ்ச நேரம் அவள் முகத்துக்கு எதிரே நின்றது. அவள் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

எடுக்கவில்லை. எடுத்தால் கை கால் விளங்காது, வேலை பாதியில் நின்றுவிடும் என்று அவளுக்குத் தெரியும். போன் அதிர்ந்து அதிர்ந்து நின்றது. "ஏத்து தம்பி," என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. ஹமீது ஏற்றினான். சூடாகும்வரை காத்திருந்தார்கள். அவள் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது, சாமி பெயரா புருஷன் பெயரா தெரியவில்லை. பர்னரை நுரையின் முகத்துக்கு நேரே கொண்டுவந்தார்கள்.

ஒரு நிமிஷம் தாண்டியதும் நுரை உள்பக்கமாகக் குழிந்தது. நடுவில் ஒரு காசு அளவுக்குச் சிவந்தது. சிவந்த இடம் அப்படியே உதிர்ந்து, நெருப்பு அந்தப் பக்கம் தலையை நீட்டியது. ரெண்டு நிமிஷம் ஆகவில்லை. அதே நுரை. அதே அறை. ஹமீது நேரத்தை நிறுத்தித் தாளில் எழுதினான். இத்தனை வருஷம் அவள் பாஸ் போட்டது எல்லாம், பஸ் சீட்டு, மண்டபத் திரை, ஆஸ்பத்திரித் தடுப்பு, எல்லாம் ஊர் முழுக்க அந்த நேரத்தில் அமைதியாக நின்றுகொண்டிருக்கும். அதை நினைத்துப் பார்க்க அவளுக்கு நேரம் இல்லை. போனை எடுத்தாள்.

பிரியாவின் நம்பர். ஒரு தவறிய அழைப்பு.

திருப்பி அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. ஹமீது பர்னரைப் பார்க்கவும் முடியாமல், அவளைப் பார்க்கவும் முடியாமல் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்றாவது முறை அடித்தபோது அவளுக்குக் கண் தெரியவில்லை. கையால் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா?" பிரியாவின் குரல் குசுகுசுவென்று வந்தது. "போன சைலன்ட்ல வெச்சுட்டேன். பிள்ளைங்க தூங்குறாங்க. அப்பவே உங்களுக்கு அடிச்சேனே, எடுக்கலையே?"

வசந்தகுமாரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னம்மா... எதுக்கு அடிச்ச?"

"இல்ல, நம்ம வர்ஷா இருக்குல்ல, தடுப்பு ஓரமா படுக்குமே, அது திடீர்னு எந்திரிச்சு சுடுது சுடுதுன்னு ஒரே கத்தல். தொட்டுப் பார்த்தா காய்ச்சல் இல்ல. ஏர்கான் வேற ஃபுல்லா ஓடுது. என்ன பண்றதுன்னு உங்களக் கேக்கலாம்னு அடிச்சேன். இப்பதான் தட்டித் தூங்க வெச்சேன்."

"எழுப்பு."

"என்னம்மா?"

"எல்லாரையும் எழுப்பு பிரியா. வெளிய கூட்டிட்டுப் போ. செருப்பு மாட்டக்கூட நிக்காத."

"ஐயோ, என்னம்மா ஆச்சு? நெருப்பா? எங்க?"

சட்டத்தில் தொங்கிய நுரையின் ஓட்டை வழியாக எதிர்ச் சுவர் தெரிந்தது. வசந்தகுமாரி அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னும் இல்லம்மா. நீ எழுப்பு."